ஏழு நாற்பதுக்குத் தட்டும் தரை

மிசிசிப்பியில் பெல்காட் என்ற ஊரின் சினிமாக் கொட்டகைத் தரை, 1943 மார்ச்சிலிருந்து தினமும் மாலை ஏழு நாற்பதுக்குத் தானாகத் தாளம் தட்டுகிறது. நான்கு நிமிடம் தட்டும், நின்றுவிடும். பருத்தி விலை ஏறியதுண்டு, இறங்கியதுண்டு; இது தவறியதில்லை.

அந்தத் தாளம் லூசியஸ் டார்வருடையது. ஹாலிவுட் பாட்டுப் படங்களில், பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு வைத்து ஆடும் கறுப்பன். பதினொரு படம் ஆடியும் ஒன்றில்கூட யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. கதாநாயகன் விடுதிக்குள் வருவான், இவன் ஆடுவான், கதாநாயகன் போவான். அமெரிக்காவின் தெற்கத்தி ஊர்களுக்குத் திரையில் கறுப்பு முகம் ஆகாது. அங்கே அவன் ஆட்டத்தை மட்டும் வெட்டியெறிய வசதியாகத்தான் அப்படி எடுப்பார்கள். கறிவேப்பிலைகூட இலைவரை வந்துதான் ஒதுக்கப்படும். இவன் அதற்கும் முன்னாலேயே போனான்.

பெல்காட்டில் துணி வெளுத்துப் பிழைத்த அவன் அக்கா எர்னஸ்டீன், ஒவ்வொரு படத்துக்கும் போய், கறுப்பர்களுக்கென்று விட்ட மாடியில் உட்கார்ந்து ஏமாந்தாள். பதினோராவது படம் முடிந்து ஃபோனில் கத்தினாள்: "கதாநாயகன் கதவத் தொறந்தான், தொப்பிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நீ எங்கடா? அங்க நீ தரை கூட்டுறேன்னு ஊரே சிரிக்குது. எனக்குக் கண்ணு வேற மங்குது. சீக்கிரம் மூஞ்சியக் காட்டு."

அடுத்த படத்தில் லூசியஸ் இயக்குநர் வாஸிடம் போய் நின்றான். "கதாநாயகி எங்கிட்ட ஒரே ஒரு தடவ மணி கேக்கட்டும் சார். சொல்லிட்டு ஆடுறேன். அப்புறம் வெட்ட முடியாதுல்ல."

"ஆடத்தானே உன்னக் கூப்பிட்டோம்? மணி சொல்லச் சுவத்துல கடிகாரம் இருக்கு" என்றான் வாஸ். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

 அன்று லூசியஸ் ஆடவில்லை, மிதித்தான். சிரிப்பு மட்டும் ஒப்பந்தப்படி முகத்தில் இருந்தது.

அந்தப் படம் பெல்காட்டுக்கு வந்தபோதும் வழக்கம்போல் அவன் ஆடிய நான்கு நிமிடத்தை வெட்டினார்கள். ஏழு நாற்பதுக்குக் கதாநாயகன் தொப்பியை எடுத்தான். கீழும் மாடியுமாகத் தரை தட்டத் தொடங்கியது. கொட்டகைக்காரன் பலகையைப் பெயர்த்து சிமெண்ட் பூசினான். சிமெண்டும் தட்டியது. படம் மாறிய பிறகும் தட்டியது. கடைசியில் அந்த நான்கு நிமிடம் படத்தை நிறுத்திவைக்கப் பழகினார்கள். கீழே இருப்பவர்கள் பாப்கார்ன் வாங்கப் போவார்கள். மாடியில் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. எர்னஸ்டீன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்துக்கொள்வாள்.

"உன் காலுதாண்டா, எனக்குத் தெரியாதா" என்றாள் ஃபோனில்.

"காலுதான வந்துச்சு. மூஞ்சி வரலையேக்கா" என்று அவன் ஃபோனை வைத்துவிட்டான்.

இரண்டு வருடத்தில் அவள் பார்வை முழுதாகப் போயிற்று. தம்பி முகத்தை அவள் திரையில் பார்க்கவே இல்லை. கத்தரி பிடித்த கை நாசமாய்ப் போக.

இப்போதும் முதல் தட்டு விழும்போது, கீழே வெள்ளைக்காரர்கள் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து முள்ளைச் சரிசெய்துகொள்கிறார்கள். பெல்காட்டில் யாரிடம் மணி கேட்டாலும் லூசியஸின் கால் சொன்ன மணியைத்தான் சொல்வார்கள்.