இரண்டு பேருக்கான பந்து

செபஸ்தியாம்பிள்ளையின் வலது தோள் வேறு ஏதாவது ஒரு நாளில் இறுகியிருந்தால் மாம்புரியில் ஒருவரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். அது அந்தோனியார் திருநாளன்று, புனிதரின் சொரூபம் வைத்த கூட்டைத் தோளில் சுமந்துகொண்டு சுற்றுப்பிரகாரம் போகையில், சந்தியில் வைத்து இறுகியது. அவருடைய மூலை பதிந்தது. அந்தோனியார் ஒரு பக்கம் சாய்ந்து, தெருவோரத்துக் கடலைக்காரியின் கடகத்தை எட்டிப் பார்த்தார். பெண்கள் ஐயோவென்று குழறினார்கள். கடலைக்காரி மட்டும் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு, அன்றைக்கு விலையைக் கூட்டினாள்.

அடுத்த நாள் கோயில் மூப்பர் வீட்டுக்கே வந்தார்.

"செபஸ்தி, கோவிக்காத. வாற வருசம் உன்ர இடத்தில யதுர்சனை விடுவம். அதுக்குள்ள தோள் சரிவந்தா, ஒருக்கா வந்து காட்டு."

யதுர்சன் பக்கத்து வீட்டுப் பெடியன். இத்தாலி விசாவுக்குக் காத்திருப்பதுதான் இப்போதைக்கு அவனுடைய தொழில். முன்பு எட்டுப் பேர் தூக்கிய கூடு அது. இத்தாலியும் கட்டாரும் ஆள் ஆளாக எடுத்துக்கொண்டதில் இப்போது ஆறு பேர்.

செபஸ்தியாம்பிள்ளையிடமிருந்தும் இத்தாலி ஆட்களை எடுத்திருந்தது. யுத்தத்துக்குள் முல்லைத்தீவிலிருந்து வந்த குடும்பம் அவருடையது. யுத்தம் முடிந்ததும் சகோதரங்கள் ஊர் திரும்பினார்கள். அவர் இங்கே யூஜீனியாவைக் கட்டியிருந்ததால் நின்றுவிட்டார். பிறகு யூஜீனியா மகளையும் கூட்டிக்கொண்டு மிலானுக்குப் போனாள். வீட்டைப் பார்க்க ஓராள் வேண்டும் என்று அவரை விட்டுவைத்தார்கள். வீடு எங்கேயும் ஓடிப்போகிற மாதிரித் தெரியவில்லை. என்றாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கூடு தூக்குகிற அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் அவர் தோளில் இன்னொருவர் தோள் முட்டும். பின்னால் வருகிறவன் காதுக்குள் மூச்சு விட்டபடி, "பாரமோ அண்ணை?" என்பான். அவரிடம் அப்படி ஒருவர் கேட்பது வருசத்தில் அன்றைக்குத்தான். அந்த இடத்தை விட அவருக்கு மனமில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிரியதர்சினி மிஸ் கையைத் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், எறிந்து பிடிக்கிற கனமான மெடிசின் பந்து வாங்கச் சொன்னாள்.

"ரெண்டு கிலோ காணும். பத்துத் தரம் எறிஞ்சா, பத்தாவதும் முதலாவது மாதிரியே போகவேணும். உடம்பு கோணினா பாரம் கூடிப்போச்செண்டு அர்த்தம். நெஞ்சுக்கு நேர எறியோணும், மற்றவர் பிடிச்சுத் திருப்பி எறியோணும். வீட்டில ஆர் இருக்கினம்?"

"ஆக்கள் இருக்கினம்" என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

அந்தப் பொய்யோடுதான் புத்தளம் டவுனில் ஜௌபரின் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார். முதலில் கண் போனது ஆறு கிலோப் பந்துக்கு. பார்க்க ஆம்பிளைத்தனமாக இருந்தது. மூன்றாம் தரம் தூக்கியபோது அவர் திருநாளன்றைய அந்தோனியாரைப் போலச் சாய்ந்தார். ஜௌபர் மரியாதையாக அதை வாங்கி மேல்தட்டில் வைத்துவிட்டு, இரண்டு கிலோவில் இரண்டு பந்தை எடுத்துக் காட்டினான்.

"அண்ணே, இது றப்பர். செவுத்துல அடிச்சா திரும்பி வரும். இதுக்குள்ள மணல். உழுந்தா உழுந்த இடந்தான், ஆனா பிடிக்கச் சொகமா ஈக்கும். ஒராளுக்கா, ரெண்டு பேருக்கா?"

கடையில் வேறும் இரண்டு மூன்று பேர் நின்றார்கள்.

"ரெண்டு பேருக்கு."

"அப்ப மணல் பந்தையே எடுங்க."

பஸ்ஸில் மடியில் வைத்திருந்த உருண்டைக் கடதாசிச் சுற்றைக் கண்டு கொண்டக்டர், "வத்தகப்பழமா?" என்றான். அதற்கும் ஓம் என்றார். ஒரு நாளைக்கு மூன்று பொய் அவருக்குப் புதிது.

பின்னேரம் முற்றத்தில் நின்று சுவருக்கு எறிந்தார். பந்து தொம்மென்று மோதி, சுவரின் காலடியில் விழுந்து, அங்கேயே இருந்தது. போய்க் குனிந்து எடுத்து, திரும்பி வந்து நின்று எறிந்தார். தொம். மறுபடியும் போனார். எறிவது ஒரு கணம், எடுத்து வருவதுதான் மீதிப் பின்னேரம். தோளுக்கு வாங்கிய பந்து முதல் மாதத்தில் காலுக்கே அதிகம் உதவியது.

கிடுகு வேலிக்கு அப்பாலிருந்து யதுர்சன் குரல் கொடுத்தான்.

"அண்ணை, என்ன தொம் தொம்மெண்டு விழுகுது?"

"தேங்காய்."

"உங்கட மரத்தில காயே இல்லையே!"

"அதுதான் விழுந்திட்டுதே."

தன் இடத்தைப் பிடுங்க வருகிறவனிடமே போய், அதைக் காக்கப் பயிற்சி செய்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்த யூஜீனியா எதிர்க் கதிரையைக் கண்டுவிட்டாள்.

"ஆரது கதிரையில?"

"பந்து."

"பந்துக்கு என்னத்துக்குக் கதிரை?"

"நிலத்தில வைச்சா எறும்பு ஏறுதப்பா."

அவள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, "சாப்பிட்டியளே?" என்றாள். பந்தும் அவரும் சாப்பிட்டிருந்தார்கள்.

மாரி வந்து போனது. ஒரு பின்னேரம் பத்தாவது எறி முதலாவதைப் போலவே போய் மோதியது. மிஸ் சொன்னபடி உடம்பு கோணவில்லை. அடுத்த நாளும் அப்படியே. திருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கையில் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு மூப்பரிடம் போய், கையை உச்சிக்குத் தூக்கிக் காட்டினார். மூப்பர் தோளை அமத்திப் பார்த்தார்.

"நல்லாத்தான் வந்திருக்கு, செபஸ்தி. என்னண்டா, கூடு இந்த முறை லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில போகுது."

"ஆர் சொன்னது?"

"கூட்டம் போட்டு முடிவெடுத்தது. இருந்த ஆறு பேரில ரெண்டு பேர் கட்டாருக்குப் போட்டினம். போன முறை சாஞ்சதில சனமும் பயந்துபோச்சு."

சாய்த்தவர் அதற்கு மேல் என்ன கேட்பது? கையை இறக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

திருநாளன்று உழவு மெசின் புகை கக்கிக்கொண்டு முன்னால் போனது. பெட்டியில் பூவுக்கு நடுவே அந்தோனியார் விறைப்பாக நின்றார். ஒரு பக்கமும் சாயவில்லை. கடலைக்காரியைத் திரும்பியும் பார்க்கவில்லை. சனம் தள்ளித் தள்ளி நடந்து, போனில் படம் எடுத்தது. செபஸ்தியாம்பிள்ளை மெழுகுதிரியோடு பின்னால் நடந்தார். கோயிலுக்குத் திரும்பி வரும்வரை ஒருவருடைய தோளும் அவரை முட்டவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் பந்தை எடுத்தார். இனி எதற்கு என்று அவருக்கே தெரியாது. தொம். குனிந்து எடுத்தார். தொம்.

"அண்ணை, தேங்காய் விழுகுது போல" என்றது வேலி.

"ஓம்."

"அந்தத் தேங்காயை ஒருக்கா இஞ்சால எறியுங்கோ பாப்பம்."

செபஸ்தியாம்பிள்ளை சுவரைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். பிறகு வேலிக்கு மேலால் எறிந்தார். அப்பக்கம் தொம் சத்தம் கேட்கவில்லை. பிடித்துவிட்டான்.

"இதைத்தானே அண்ணை ஒரு வருசமா ஒளிச்சனீங்கள்? நானும் கூடு தூக்கவெண்டு அம்மான்ர தண்ணிக் கானைத் தூக்கித் தூக்கித் திரிஞ்சன். ரெண்டு பேரையும் லாண்ட்மாஸ்டர் வெண்டிட்டுது."

"விசா என்னமாதிரி?"

"வந்திட்டுது. வாற கிழமை போறன். போற வரைக்கும் எறிவம், பிடியுங்கோ."

கிடுகுக்கு மேலால் பந்து வந்தது. நெஞ்சுக்கு நேரே வந்து, துள்ளாமல், இரண்டு கைக்குள்ளும் அப்படியே இருந்தது.

"பாரமோ அண்ணை?"

இரண்டு கிலோ. தோளில் ஒரு நோவும் இல்லை.

"ஓம்" என்றார் செபஸ்தியாம்பிள்ளை. "கொஞ்சம் பாரம்தான்."