சத்தம் கேட்டவுடனே

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஊரில் எல்லோர் மேலும் ஒரே கோபம்தான். "சத்தம் கேட்டவுடனே கூப்பிடக் கூடாதா? நின்னதுக்கப்புறம் கூப்பிட்டா நான் என்ன பண்றது?" என்று போகிற கட்டடமெல்லாம் வாட்ச்மேன்களைக் கிழிகிழியென்று கிழிப்பார். சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற அவர் மனைவி அதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள். காரணம் இல்லாமலா?

நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்ற பேச்சை ஒரு வாரம் அழுது தீர்த்து மூட்டை கட்டிவிட்டார்கள். அவள் முதல் நாள் சாயங்காலமே மாத்திரையை ஆரம்பித்திருந்தாள். இந்த மனுஷனோ, "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். ஏதாவது வந்தா பாத்துக்கலாம்" என்று இரண்டு வருஷம் டிமிக்கி கொடுத்தார். நுரையீரலில் சளி கட்டி இருபது நாள் படுக்கையில் கிடந்த பிறகுதான் மாத்திரைக்கு வாயைத் திறந்தார்.

அப்புறம் இருவருக்கும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்புச் சக்தி அளவு பத்துக்கு மேல் வந்தால், ஊசி சொன்ன பாடத்தை உடம்பு பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அவளுக்கு நானூறு. அவருக்கு மூன்று.

"ஒரு கிருமியைப் பார்த்தா மறக்காம வச்சுக்கிற செல்லு நம்ம ரத்தத்துல இருக்கு" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸம்மா. "இந்த வைரஸ் அதையும் அரிச்சுடும். சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா நிறைய தப்பிச்சுடும். லேட்டானா…" அவரைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். "கொஞ்சம் தேறட்டும், திரும்பப் போட்டுப் பாப்போம்."

தேறினார். ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிறவர், அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி எல்லா ஊசியும் போட்டுக்கொண்டார். இன்று ரிசல்ட். இந்தத் தடவையும் பிடிக்காவிட்டால் அந்த உடம்புக்கு இனி எதையுமே சொல்லிக்கொடுக்க முடியாதோ என்று அவள் பயந்தாள். இந்த ஆள் இல்லாமல் அவளால் ஒரு நாள் இருக்க முடியாது. சொன்னால் தலைகால் புரியாமல் ஆடுவார் என்றுதான் சொன்னதில்லை.

நர்ஸம்மா காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். "நூத்தி இருபது!"

"அட பாவி மனுஷா!" அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, அங்கேயே அழுதாள். "ரெண்டு வருஷம் கெஞ்சினேனே!"

ஆஸ்பத்திரி மாடியிலிருந்து இறங்கும்போது லிஃப்ட் கிறீச்சென்றது. வாட்ச்மேனுக்கு இன்றைக்கு அர்ச்சனைதான் என்று நினைத்தாள். இவரோ லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சத்தம் கேட்டப்பவே நீ சொன்ன. நான்தான் காதுல வாங்கல. தப்பு என்னோடதும்மா."

நாலு வருஷமாக அந்த வாயிலிருந்து வராத வார்த்தை. அவள் கைப்பையிலிருந்து மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து நீட்டினாள்.

"மணி பன்னெண்டாச்சு. முதல்ல இதைப் போடுங்க."

விழுங்கிவிட்டு நேரே வாட்ச்மேனிடம் போனார். அன்றைக்குத் திட்டவில்லை. "லிஃப்ட்ல சத்தம் வருது, உங்க மெக்கானிக்கை இப்பவே கூப்பிட்டுச் சொல்லுங்க சார், தள்ளிப் போடாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.