ஏழாவது கோட்டை

இன்னும் பல் தேய்க்காத வாய் அது. அந்த வாயால் அதில் ஊதாதே.

மனசுக்குள் அவள் கணவனை ஒருமையில்தான் பேசுவாள். வெளியேதான் 'நீங்க'. இருபத்தோரு வருடத்தில் உள்ளே பேசியதில் ஒரு சொல்லும் வெளியே தவறி விழுந்ததில்லை.

அவன் ஊதினான். கூடத்துத் தரையில் சம்மணமிட்டு, பழைய வீடியோ கேம் கேசட்டின் அடிப்பக்கத்தை மவுத் ஆர்கன் மாதிரி உதட்டில் வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு முறை, திரும்பவும் ஒரு முறை. சன்னல் வெயிலில் எச்சில் பொடியாகத் தெறித்தது. பல் மருத்துவரிடம் பதினான்கு வருடமாக உதவியாளராக இருப்பவளுக்கு, எச்சில் எங்கே இருந்தாலும் முதலில் அதுதான் தெரியும்.

"ஊதாதீங்க. எச்சில் பட்டா உள்ள இருக்கற செம்பு பச்சை பிடிச்சிடும்."

"நாங்கெல்லாம் ஊதி ஊதியே வளந்தவங்க. ஊதினாத்தான் அதுக்கு உயிர் வரும்."

"அண்ணி சொல்றது சரிதான். நீ ஊதின நாத்தத்துல அதுவே பயந்து எழுந்துக்கும்," என்றான் கொழுந்தன். காலை பத்து மணிக்கே வந்துவிட்டான். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, பிஸ்கட் தின்ற விரலை மெத்தை உறையில் துடைத்தான்.

பதினாறு வயது மகள் செல்போனைத் தாங்கியில் பொருத்தி உயரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நடத்தும் வீடியோ சேனலுக்கு இந்த வாரம் வீட்டு ஆட்களே கிடைத்துவிட்டார்கள். மூன்று வயது, மூன்று கேம், எது உசத்தி. நாற்பத்தேழு வயது அப்பாவுக்குக் கோட்டை பிடிக்கும் கேம். அதில் மொத்தம் ஏழு கோட்டை. முப்பத்துநாலு வயது சித்தப்பாவுக்குக் கார் ரேஸ். மகளுக்கு, காட்டுக்குள் கடைசி ஆளாக உயிரோடு மிஞ்ச வேண்டிய கேம்.

மனைவிக்குக் கொடுத்த வேலை சுத்தம் செய்வது. "உன் கிளினிக் ஸ்பிரிட்ட வெச்சு ஜாய்ஸ்டிக்க கொஞ்சம் தொடச்சுக் குடு, கேமராவுல பளபளன்னு தெரியணும்," என்று கணவன் அவள் மடியில் போட்டுவிட்டுப் போயிருந்தான். பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து பட்டனின் ஓரமாக நுழைத்தாள். கறுப்பாக வந்தது. முடி, செத்த தோல், எந்தக் காலத்திலோ உதிர்ந்த தீனி, எல்லாம் வியர்வையில் குழைந்து காய்ந்து, பல்லிடுக்கில் இறுகும் காரையைப் போலக் கெட்டியாகியிருந்தது. காரையையாவது கையுறை போட்டுக்கொண்டு தொடுவாள். குமட்டலை விழுங்கிக்கொண்டு அடுத்த குச்சியை எடுத்தாள். விழுங்குவதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ரெக்கார்டிங் போகுது," என்றாள் மகள். "ஒரே ஒரு ரூல். முடிக்காத கேமைப் பத்தி யாரும் பெருமை பேசக் கூடாது. சித்தப்பா?"

"பன்னெண்டு ரேஸும் முடிச்சாச்சு. கப்பு வாங்கினதுக்கு போட்டோவே இருக்கு."

"நான் போன மாசம் கடைசி ஆளா நின்னேன், அது என் சேனல்லயே இருக்கு. அப்பா?"

"ஏழு கோட்டை. ஏழும் நான் பிடிச்சது."

கொழுந்தன் சிரித்ததில் பிஸ்கட் தூள் பறந்தது. "ஆறாவது கோட்டை வாசல்லயே செத்துச் செத்து எழுந்த மனுசன் நீ. கூடவே உக்காந்து நானும் அழுதிருக்கேன்."

"அது நீ சின்னப் பையனா இருந்தப்போ. அப்புறம் முடிச்சேன். இரு, காட்டறேன்."

கேசட்டைச் சொருகினான். திரை நடுங்கி, கோடு கோடாகி, நின்றது. ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் மூன்று வரிகள். முதல் வரியில் அவன் பெயரின் மூன்று எழுத்து, பக்கத்தில் ஆறு. இரண்டாவது காலி. மூன்றாவதில் வெறுமனே AAA. பக்கத்தில் ஏழு. அதன் தலையில் ஒரு சிறிய கிரீடம் மின்னிக்கொண்டிருந்தது.

அவள் கையிலிருந்த குச்சி நின்றது.

கல்யாணமான முதல் வருடம். வேலை கிடைக்காத மதியங்கள். அடுத்த அறையில் மாமியார் தூங்குவார். டிவியின் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, நான்கு மாதம் இதே கேமை ஆடினாள். பெயர் கேட்ட இடத்தில் அவசரத்தில் ஒரே எழுத்தை மூன்று முறை அழுத்தினாள். ஏழாவது கோட்டை ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு விழுந்தது. சத்தமில்லாமல் வாணவேடிக்கை நடந்தது. பிறகு முகம் கழுவிக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போனாள். அன்று மாலை அவனிடம் சொன்னாள். "நீயா? கடைக்காரன் முடிச்சு வெச்சத வித்திருப்பான்," என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரித்தான். அவளும் கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தபடி பட்டனை இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள்.

"பாத்தியா கிரீடம்?" அவன் திரையைத் தட்டினான். "AAA, அது நான்தான். அப்போ ஸ்டைலுக்கு அப்படிப் போட்டேன்."

"எவனோ பெத்த பிள்ளைக்கு நீ பேர் வைக்கிறியா? பழைய கேசட்டுண்ணா அது. கடையிலேயே இருந்திருக்கும்."

"என்னடா, அண்ணன நம்ப மாட்டியா?"

"சாட்சி வேணும்பா," என்றாள் மகள். "சாட்சி இருந்தா ஒத்துக்கறேன்."

அவன் திரும்பினான். பாவம், தேடவே வேண்டியிருக்கவில்லை அவனுக்கு. "இவதான் சாட்சி. பக்கத்துலயே உக்காந்து பாத்தா. கேமரா பக்கம் வந்து ஒரு வார்த்தை சொல்லிடும்மா. 'ஆமா, இவர்தான் முடிச்சார்'னு. அவ்ளோதான்."

மகள் போனை அவள் பக்கம் திருப்பினாள். கண்ணாடிக்குள் தன் முகம் சின்னதாகத் தெரிந்தது. அவன் வாய் திறந்தபடி சிரித்தான். உள்வரிசைப் பற்களின் மஞ்சள், ஈறோரத்தில் நேற்றைய வெற்றிலை நிறக் கறை, நாக்கின் மேல் வெள்ளைப் படலம். தெரிந்தே திருடியவனின் முகம் இல்லை அது. அவனுக்கு நினைவே இல்லை. நான்கு மாதத்தை மென்று, செரித்து, தன் உடம்போடு சேர்த்துக்கொண்டுவிட்டான். நினைவிருந்து பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது.

"அண்ணிக்குக் கூச்சம்," என்றான் கொழுந்தன். "ஜாய்ஸ்டிக்க எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியாது, அவங்கள போயி."

"சொல்லும்மா," என்றான் அவன். "ஒரு வார்த்தைதான."

நோயாளியிடம் இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்க என்று சொல்லும் அதே தணிந்த குரல்தான் அவளுக்கு வந்தது.

"நான் சொல்ல மாட்டேங்க."

அவன் சிரிப்பு மூடிக்கொள்ள மறந்து அப்படியே இருந்தது. மகள் ரெக்கார்டிங்கை நிறுத்தவில்லை. போனுக்கு மேலாக அம்மாவின் கைகளைப் பார்த்தாள். துடைத்து முடித்த ஜாய்ஸ்டிக் அவற்றில் நேராக இருந்தது. இடது கட்டைவிரல் அம்புக்குறியின் மேலும், வலது கட்டைவிரல் தேய்ந்து குழிந்த சிவப்புப் பட்டனிலும், யாரும் வைக்காமல் தானாகவே போய் உட்கார்ந்திருந்தன.