கடைசிப் பத்தி

எங்கள் அலுவலகத்தில் எதுவும் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. போர் மூளட்டும், பூகம்பம் வரட்டும், வெளியுறவு அமைச்சர் கைக்குப் போவது ஒரே ஒரு தாள். யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், நாம் என்ன செய்யப் போகிறோம் என்று வரிசையாக எழுதி, இடம் மிஞ்சினால் கடைசியில் ‘ஏன் செய்தார்கள்’ என்று ஒரு பத்தி. இடம் எங்கே மிஞ்சப் போகிறது? எங்கள் மேலதிகாரி எப்போதும் கீழிருந்துதான் வெட்டுவார். அதனால் அவருக்குக் கத்தரி என்று பெயர். வெட்டுப்படப் போகும் அந்தக் கடைசிப் பத்தியை எழுதுவதற்கென்றே சம்பளம் வாங்கும் பைத்தியக்காரி நான்.

“அழுகைப் பத்தி வந்தாச்சா?” என்பார் கத்தரி, நான் உள்ளே நுழையும்போதே. “உங்க பத்தியைப் படிச்சா குண்டு வச்சவனைக் கூப்பிட்டு உக்கார வச்சு காபி குடுக்கணும் போல இருக்கும்மா.”

“காரணம் வேற, நியாயம் வேற சார். காய்ச்சல் எதனால வந்துச்சுன்னு கேக்கற டாக்டர் காய்ச்சலுக்கு வக்கீலா?”

“டாக்டர் மாத்திரை எழுதட்டும். கதை எழுத வேணாம்.”

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது பிழைப்பு. போன மாதம் ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் என் தங்கையின் கணவரும் ஒருவர். டிக்கெட் பரிசோதகர். “உலகத்து உறவையெல்லாம் பாத்துக்கறீங்க, சொந்தத் தங்கச்சி வீட்டை எட்டிப் பாக்க மட்டும் நேரமில்ல” என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சீண்டுவார். தங்கமான மனிதர்.

விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். சும்மா உட்கார்ந்தால் சுவரைப் பிறாண்டுவேன் என்று எனக்கே தெரியும். பிடிபட்ட இரண்டு பேரின் வாக்குமூலங்களும் என் மேசைக்குத்தான் வந்தன. இவர்கள் கழுத்தை என் கையாலேயே நெரித்தால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன், அதுதானே என் வேலை.

இரண்டு பேரும் பக்கத்து நாட்டு மலைக்காரர்கள். சுரங்கம் தோண்டுவதற்காக அவர்கள் ஊரைக் காலி செய்யச் சொன்னது அந்த நாட்டு அரசு. ஜனங்கள் மறுத்துப் பாதையில் உட்கார்ந்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுத் தள்ளினார்கள். அந்த ஹெலிகாப்டர்கள், பாதுகாப்பு ஒத்துழைப்பு என்ற பெயரில் எங்கள் நாடு கொடுத்தவை. பெற்றவர்களைப் பறிகொடுத்து நின்ற பையன்களைத் தேடிப் பிடித்துச் சோறு போட்டு, கடைசியில் கையில் குண்டைக் கொடுத்தது ஒரு கூட்டம். பாவிகள், அடுத்தவன் வீட்டுச் சாவுதான் அவர்களுக்கு முதலீடு. அந்த முதலீட்டை அவர்களுக்கு அள்ளிக் கொடுத்தது யார் என்பதைத்தான் நான் எழுதினேன்.

அதே வாரம் கத்தரி எழுதிய பரிந்துரை என்ன தெரியுமா? தீவிரவாதத்தை ஒடுக்க, அதே அரசுக்கு இன்னும் ஹெலிகாப்டர்கள். “எரியற தீயில எண்ணெய ஊத்தப் போறீங்களா சார்?” என்று கத்தினேன். “ஜனங்க கொதிச்சுப் போயிருக்காங்கம்மா. ஏதாவது செஞ்சாகணும். செத்தவங்க குடும்பத்துக்கிட்டப் போய் உங்க காரணத்தைச் சொல்லிப் பாருங்க, செருப்பு வரும்” என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஏனென்றால் நான் சொல்லிப் பார்த்திருந்தேன். தங்கை வீட்டில் இரவு சாப்பாட்டின்போது, “அந்தப் பசங்க ஊர்ல என்ன நடந்துச்சுன்னா...” என்று தொடங்கினேன். அவள் கையிலிருந்த தட்டை நங்கென்று வைத்தாள்.

“அக்கா, அவனுங்களுக்கு வக்காலத்து வாங்கறதா இருந்தா இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத.”

எனக்கு இருப்பது ஒரே தங்கை. அம்மா அப்பா போன பிறகு ஒருவருக்கொருவர் நாங்கள்தான். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

ஹெலிகாப்டர் அறிவிப்பை வெளியிடும்போது, செத்தவர்களின் குடும்பங்கள் மேடையில் தன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அமைச்சர் விரும்பினார். முன்வரிசைக்கு என் தங்கையைக் கூப்பிட்டார்கள். அவளும் சரி என்றுவிட்டாள். என்ன அறிவிக்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. “யாரோ ஏதோ செய்யறாங்களே, அது போதும். நீயும் உன் ஆபீசும் இத்தனை வருஷம் என்னத்தைக் கிழிச்சீங்க?” என்றாள். அவள் கணவர் பெயரைச் சொல்லி அந்த ஹெலிகாப்டர்களைக் கொடுப்பார்கள், அதற்கு இவள் சாட்சியாக நிற்பாள். நினைக்க நினைக்க எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவளிடம் சொன்னால் என்னை விட்டே போய்விடுவாள். சொல்லாவிட்டால் அவள் மேடையேறிவிடுவாள்.

முந்தின நாள் மாலை ஒரு காரியம் செய்தேன். தாளில் கடைசிப் பத்தியைத் தூக்கி மேலே வைத்தேன். ஏன் என்பது முதலில், ஹெலிகாப்டர் கடைசியில். கத்தரி பார்த்ததும் குதிப்பார், நன்றாகச் சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். மனுஷன் குதிக்கவே இல்லை. என் தாளைப் படிக்கவே இல்லை என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

அமைச்சர் அறையை நோக்கி நானும் கத்தரியும் வேகமாக நடந்துகொண்டிருந்தோம். அவர் போன் அடித்தது. தட்டச்சுப் பிரிவிலிருந்து பேசினார்கள். பக்கம் தாண்டுகிறதாம். “இதுக்கெல்லாமா போன் பண்ணுவீங்க? வழக்கம்போலக் கடைசிப் பத்தியைத் தூக்கிட்டு, சாரோட பி.ஏ. கையில குடுத்துடுங்க” என்றார் நடந்துகொண்டே.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடப்பாவி மனுஷா, உன் ஹெலிகாப்டரை நீயே வெட்டிவிட்டாயே! கதவைத் திறந்ததும் சிரிப்பு செத்தது. உள்ளே குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. முன் நாற்காலியில் என் தங்கை.

எங்கள் அமைச்சர் தாளில் உள்ளதை அப்படியே படிப்பவர். ஒருமுறை சொந்தமாகப் பேசப் போய் ஒரு நாட்டுத் தூதர் கோபித்துக்கொண்டு பெட்டி கட்டியதிலிருந்து அந்தப் பழக்கம். வாய் முன்னால் போகும், மூளை பின்னாலேயே நடந்து வரும். பத்திரிகைக்காரர்களைப் பார்க்கும் முன் குடும்பங்களிடம் நாலு வார்த்தை பேசலாம் என்று தாளை விரித்தார்.

“கைது செய்யப்பட்ட இருவரும், தங்கள் ஊரில் நடந்த வான்வழித் தாக்குதலில் பெற்றோரை இழந்தவர்கள்...”

ஐயோ என்று பாதி எழுந்துவிட்டேன். யாராவது ஒருநாள் சத்தமாகப் படிக்க மாட்டார்களா என்று வருஷக்கணக்காக ஏங்கிய பத்தி அது. இப்போது அதைப் பிடுங்கிக் கிழித்துவிடலாமா என்று இருந்தது. கத்தரி தன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், “உக்காருங்கம்மா” என்று கையமர்த்தினார்.

“...நிராயுதபாணிகளான மக்கள்மீது சுட்ட அந்த ஹெலிகாப்டர்கள்...” அமைச்சரின் மூளை வந்து சேர்ந்துவிட்டது. நிறுத்திக்கொண்டார். கத்தரியின் முகம் பேயறைந்தது போல ஆனது.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றாள் தங்கை. “அந்த ஹெலிகாப்டரை யாரு குடுத்தது?”

“அது... துறை சம்பந்தப்பட்ட விஷயம்மா.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “அக்கா, உன் துறைதானே. நீ சொல்லு.”

அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எழுத்தில் எத்தனையோ முறை எழுதிய வார்த்தை, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

“நாமதான் குடுத்தோம்” என்றேன்.

பின்னால் இருந்த ஒருவர் எழுந்தார். மகளைப் பறிகொடுத்தவர். “அப்படின்னா எங்க பொண்ணு செத்தது சரின்னு சொல்றியா?” என்று கத்தினார்.

“இல்லைங்க. உங்க பொண்ணு செத்தது அநியாயம். அவனுங்க செஞ்சது கொலை. அது ஏன் நடந்துச்சுன்னு மட்டும்தான் சொல்றேன்.” அவர் உட்காரவில்லை.

தங்கை அமைச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வெளிய போய் இப்ப என்ன அறிவிக்கப் போறீங்க?”

அமைச்சர் தாளில் தேடினார். அதில் இல்லை. கத்தரி எழுந்து, “கூட்டுப் பாதுகாப்புக்கான சில உபகரணங்கள்...” என்று இழுத்தார்.

“ஹெலிகாப்டரா?”

கத்தரி அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் கத்தரியைப் பார்த்தார்.

“எத்தனை?” என்றாள் தங்கை. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இன்றோடு உறவு முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் எதிரில் போய் நின்றேன்.

“இதை அன்னைக்கே ஏன் சொல்லல?”

“சொல்ல வந்தேன். நீதானே வாசப்படி மிதிக்காதன்னு...”

“நான் ஆயிரம் சொல்லுவேன்! புருஷனைப் பறிகுடுத்தவ வேற என்ன பேசுவா? அதுக்காக நீ வாயை மூடிக்கிட்டு என்னை அந்த மேடையில ஏற விட்டுடுவியா?” அவள் குரல் உடைந்தது. “அவனுங்க ரெண்டு பேரும் நாசமாப் போகட்டும். அது என்னைக்கும் மாறாது. ஆனா அவர் பேரைச் சொல்லி இன்னொரு ஊரைச் சுடறதுக்கு நான் பக்கத்துல நிக்கணுமா? அழறது என் பாடு அக்கா, நான் பாத்துக்கறேன். சொல்றது உன் வேலை. நீ அதைப் பாரு.”

அவள் பக்கத்தில் உட்காரப் போனேன். “இங்க என்ன வேலை உனக்கு? உள்ள போ” என்று பிடித்துத் தள்ளினாள். “முடியற வரைக்கும் நான் எங்கயும் போகல.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். குடும்பங்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அமைச்சர் தாளைக் கையில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். பத்திரிகைக்காரர்களைக் காத்திருக்கச் சொல்லும்படி பி.ஏ.யை அனுப்பியிருந்தார். கத்தரி என்னைப் பார்த்ததும் பாய்ந்தார். “சார், இவங்கதான் வரிசையை மாத்தினது. ஒரு பக்கத்துல எது முக்கியம்னு இவங்களுக்கு இத்தனை வருஷமாச் சொல்லியும்...”

“ஆமா சார், நான்தான் மாத்தினேன்” என்றேன்.

அமைச்சர் கத்தரியைக் கை காட்டி நிறுத்தினார். “இது மாதிரி இதுக்கு முன்னாடியும் எழுதினீங்களா?”

“எழுதாத மாசம் இல்ல சார்.”

“எனக்கு ஒண்ணுகூட வந்ததில்லையே.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அறிவிப்பு நிக்குமா நடக்குமான்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். முதல்ல முழுசாச் சொல்லுங்க. தாள் வேணாம், வாயால சொல்லுங்க.”

கதவை நான் முழுதாகச் சாத்தாமல் வந்திருந்தேன். வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்கட்டும் என்று, கொஞ்சம் சத்தமாகவே ஆரம்பித்தேன்.