போன மாதத்தில் நின்ற கம்ப்யூட்டர்

பிடிவாதக்காரிகளைப் பற்றி உங்களுக்கு நிறையச் சொல்லியிருக்கிறேன், கண்ணுகளா. ஆனால் கையில் இழைப்புளியோடு பிடிவாதம் பிடித்தவள் இவள் ஒருத்திதான். மரவேலை செய்கிறவள். பலகை மயிரிழை சாய்ந்திருந்தாலும் திருப்பிப் போட்டுவிடுவாள். அதனால் பட்டறையில் அவளுக்கு ரசமட்டம் என்று பேர் வைத்தார்கள். கண்ணாடிக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்து மட்டம் பிடிப்போமே, அந்தக் கருவியின் பேர். கிண்டலுக்கு வைத்தார்கள். அவள் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டாள். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

பதினோரு வருஷம் ஒரே பட்டறை. மேசையும் நாற்காலியும் அவள் வரைவாள், முதலாளி கையெழுத்துப் போடுவார். ஒருநாள் ஊர் நூலகத்தில் குழந்தைகளுக்கென்று புதிதாக ஒரு வாசிப்பறை கட்டப் போவதாகத் தெரிந்தது. நாற்பது பிள்ளைகள் உட்கார மேசையும் முக்காலியும் வேண்டும், செய்துதர நினைக்கிறவர்கள் வரைபடத்தோடு நூலகத்தின் தளத்தில் விண்ணப்பம் போட வேண்டும். ரசமட்டம் ராத்திரி பகல் பார்க்காமல் வரைந்து கொடுத்தாள். ஓரத்தில் தன் பேரைச் சின்னதாக எழுதியிருந்தாள். முதலாளி அதை அழித்துவிட்டுத் தன் பேரை எழுதினார். அன்றைக்கே அவள் கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். முதலாளி வாசல் வரை வந்து சிரித்தார்.

"எங்க போவ? ஒரு விண்ணப்பம் போடணும்னாக்கூட என் கம்ப்யூட்டர்தானே உனக்கு வேணும்?"

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டு முன்னறையில் வைத்தாள். வரைவதற்கு ஒரு சாஃப்ட்வேரையும் ஏற்றினாள். முதல் முப்பது நாள் அது சும்மா ஓடும், பிறகு காசு கொடுத்து வாங்க வேண்டும். முப்பது நாள் முடிகிற வாரம் அவள் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த புருஷன் ஒரு சாயங்காலம் கை துடைத்துக்கொண்டே வந்து, வாங்கிட்டேன், நீ பாட்டுக்கு வரை என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். அவளும் வரைந்தாள். நூலகத்துக்கு முன்பு வரைந்ததைவிட நல்லதாக, வேறு மாதிரி, கடைசி ஆணி வரைக்கும் வரைந்து முடித்தாள்.

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் இருபத்திரண்டாம் தேதி, மாலை நாலு மணி. அன்றைக்குப் பகல் பதினொன்றரைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நூலகத்தின் தளம் திறக்கவில்லை.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள். மூடித் திறந்தாள். அணைத்துப் போட்டாள். ரவுட்டரைப் பிடுங்கி, பத்து வரை எண்ணி, மறுபடி செருகினாள். ஒவ்வொரு தடவையும் வெள்ளைத் திரையில் சிவப்பு முக்கோணம் ஒன்று வந்தது, அதற்குக் கீழே பொடி எழுத்தில் நாலு வரி. எரிச்சலில் அவள் அதைப் படிக்காமலே மூடினாள். பின்னறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார், அந்தப் பெட்டியை ரெண்டு தட்டு தட்டிப் பாரேன், உன் மாமனார் ரேடியோ அப்படித்தான் பாடும் என்றார்.

"இது பாட வேண்டாம் அத்தை, திறந்தா போதும்."

செய்தித் தளம் திறந்தது. வானிலைத் தளம் திறந்தது, நாளை மழை என்றது. பலகை விற்கிறவனின் தளம் திறந்தது. ஆக, இணைப்பில் குறையில்லை. நூலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் பாவம், காலையிலிருந்து நூறு பேருக்குப் பதில் சொன்ன குரல். எங்கள் தளம் நன்றாகத்தான் ஓடுகிறது, காலையிலிருந்து ஆறு விண்ணப்பம் வந்திருக்கிறது, கோளாறு உங்கள் பக்கம்தான் என்றாள்.

உங்கள் பக்கம்தான் என்ற அந்த வார்த்தை ரசமட்டத்துக்கு முதலாளியின் சிரிப்பு மாதிரியே கேட்டது. போனை வைத்தவள் கைபேசியில் அதே தளத்தைத் திறந்தாள். திறந்தது. பேரும் கடவுச்சொல்லும் கொடுத்ததும், இந்தப் படிவத்தைக் கணினியில் மட்டுமே நிரப்ப முடியும் என்று ஒரு வரி வந்து நின்றது. அதற்குமேல் கைபேசியில் ஒன்றும் நகரவில்லை.

மணி ஒன்று. புருஷன் காலை வேலை முடிந்து வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. பசி என்று அவள் நினைத்தாள்.

"தெருக்கோடியில கம்ப்யூட்டர் சென்டர் இருக்கே, அங்க போய்ப் போட்டுட்டு வந்துடலாமே" என்றான், கொஞ்சம் அவசரமாக.

"அது யாரோடது?"

அது முதலாளியின் மச்சானுடையது. அவள் வரைந்ததை ஒரு பென்டிரைவில் போட்டு அங்கே கொண்டுபோய் நீட்டினால், அது தளத்துக்குப் போவதற்கு முன்னால் பட்டறைக்குப் போய்விடும். அதுவும் இல்லையென்றாலும் அவள் போயிருக்க மாட்டாள். கோளாறு என்னவென்று தெரியாமல் எழுந்து போவது அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு கதவு உராய்ந்தால் கீலைப் பார்ப்பாள், சட்டத்தைப் பார்ப்பாள், கடைசியில் தரையையே பார்ப்பாள்.

"இந்த வீட்ல, இந்த மேசையில இருந்துதான் அனுப்புவேன்" என்று சொல்லிவிட்டு, முதல் தடவையாக அந்தப் பொடி எழுத்தைப் படித்தாள்.

இந்தத் தளத்தின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று இருந்தது. கீழே சான்றிதழ் தொடங்கும் தேதி, அதற்குக் கீழே உங்கள் கணினியின் தேதி. சான்றிதழ் இந்த மாதம் பதினைந்தாம் தேதி. கணினி இருபத்திரண்டாம் தேதி. இருபத்திரண்டு பதினைந்துக்கு அப்புறம்தானே என்று விரலை வைத்து மறுபடி படித்தாள். அப்போதுதான் மாதத்தைப் பார்த்தாள். அது போன மாதத்து இருபத்திரண்டு.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். இந்தத் தளங்களுக்கெல்லாம் அடையாளச் சீட்டு ஒன்று உண்டு, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று. கம்ப்யூட்டர் அந்தச் சீட்டைப் பார்த்த பிறகுதான் கதவைத் திறக்கும். நூலகம் போன வாரம்தான் புதுச் சீட்டு வாங்கியிருந்தது. இந்தக் கம்ப்யூட்டரோ போன மாதத்தில் உட்கார்ந்திருந்தது. இன்னும் வராத தேதியில் கொடுத்த சீட்டை ஒருவன் நீட்டினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். மற்ற தளங்களிடம் இருந்தது பழைய சீட்டு. அதனால் அவை வந்தன, இது மட்டும் வரவில்லை.

அவள் தேதியை மாற்றக் கையை நீட்டினாள். புருஷன் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"அதைத் தொடாத."

"ஏன்?"

பின்னறையில் பீன்ஸ் நறுக்கும் சத்தம் நின்றது.

அவன் சொல்லிவிட்டான். சாஃப்ட்வேரை அவன் வாங்கவே இல்லை. டிப்போவில் டயர் மாற்றுகிற கூட்டாளி ஒருவன் வழி சொல்லிக் கொடுத்திருந்தான். முப்பது நாள் முடிகிற அன்றைக்குத் தேதியைச் சரியாக ஒரு மாதம் பின்னால் தள்ளிவிட்டால், பாவம் அந்தச் சாஃப்ட்வேர், இன்றைக்குத்தான் பிறந்தேன் என்று நினைத்துக்கொண்டு மறுபடி முப்பது நாள் ஓடும். நாள் அதேதான், மாதம் மட்டும்தான் வேறு. அவள் கண்ணில் படவில்லை. போனஸ் வந்ததும் நிஜமாகவே வாங்கிவிடலாம் என்று இருந்தானாம். அவள் சாப்பிடாமல் இருந்ததைப் பார்க்க முடியவில்லையாம்.

"இப்ப தேதியைச் சரி பண்ணினா அது பூட்டிக்கும். அப்புறம் பின்னால தள்ளினாலும் திறக்காது" என்றான்.

ரசமட்டத்துக்குக் கோபம் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவளுக்காகச் சொன்ன பொய். அந்தப் பொய்தான் அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தது.

"பூட்டட்டும்" என்றாள். "போன மாசத்துல உட்கார்ந்துக்கிட்டு இந்த மாசத்து வேலையை என்னால கேட்க முடியாது. கையை எடுங்க."

எடுத்தான். வரைந்ததை எல்லாம் படங்களாக முன்பே சேமித்திருந்தாள், அதனால் பயமில்லை. தேதியை மாற்றினாள். நூலகத்தின் தளம் ஒன்றுமே நடக்காதது போலத் திறந்தது. சாஃப்ட்வேரைத் தொட்டுப் பார்த்தாள். உங்கள் முப்பது நாள் முடிந்தது என்றது. போகட்டும் என்று படிவத்துக்குப் போனாள்.

படிவத்தின் மேலே ஒரு மஞ்சள் பட்டை. பதினைந்தாம் தேதி போட்ட அறிவிப்பு. வாசிப்பறை எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அல்ல, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு என்று முடிவாகியிருக்கிறது. முக்காலியின் உயரம் முப்பத்தெட்டு சென்டிமீட்டருக்குப் பதில் முப்பது. மேசை அறுபத்துநாலுக்குப் பதில் ஐம்பத்து மூன்று. முன்பே அனுப்பியவர்களும் புது அளவில் திரும்ப அனுப்ப வேண்டும், பழைய அளவில் வந்தவை எடுத்துக்கொள்ளப்படாது.

அவளுடைய படங்கள் எல்லாமே முப்பத்தெட்டில் இருந்தன.

மணி ஒன்று ஐம்பது. புருஷன் தேதியை மறுபடி பின்னால் தள்ளிப் பார்த்தான். சாஃப்ட்வேர் ஏமாறத் தயாராக இல்லை, தேதியைத் திரும்பச் சரியாக வைத்துவிட்டான். அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, என்னாலதான், என்னாலதான் என்றான். மாமியார் பீன்ஸ் கையோடு வந்து நின்றார்.

"அழுறதுன்னா அந்தப் பக்கம் போய் அழு. அவளுக்கு மேசை வேணும்."

ரசமட்டம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முக்காலியின் காலை எட்டு சென்டிமீட்டர் குறைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். கால் குட்டையானால் சாய்வு மாறும், சாய்வு மாறினால் குறுக்குச் சட்டம் ஏறும், சட்டம் ஏறினால் பிள்ளையின் முட்டி இடிக்கும். முழுசாகத் திரும்ப வரைய வேண்டும். படிவத்தில் வரைபடம் இணைக்கவும் என்றுதான் இருந்தது. எதில் வரைந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"பெரிய தாள் வேணும் அத்தை."

மாமியார் சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டி ஒரு தாளைக் கிழித்தார். முதுகு வெள்ளையாக, அகலமாக இருந்தது.

"இந்தா, போன மாசம். இந்த வீட்ல அது நிறையவே இருக்கு போல."

புருஷனால் சிரிக்கவும் முடியவில்லை. அவள் அவன் கையில் இரும்பு ஸ்கேலைக் கொடுத்து ஒரு முனையை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள்.

"அசையாதீங்க. ஒரு மாசமா பொய் சொன்ன கை, ஒரு மணி நேரம் நேரா இருக்கட்டும்."

மூலைமட்டமும் பென்சிலும் வைத்துக்கொண்டு வரைந்தாள். கால்களைக் கொஞ்சம் வெளியே விரித்தாள், ஐந்து வயசு சாய்ந்துதான் உட்காரும். குறுக்குச் சட்டத்தை முன்பக்கம் எடுத்துவிட்டுப் பின்பக்கம் மட்டும் வைத்தாள். அவன் பிடித்த ஸ்கேல் அசையவில்லை. ஒரு தடவை பென்சில் முனை ஒடிந்தது. மாமியார் பீன்ஸ் கத்தியாலேயே சீவிக் கொடுத்தார். மூன்று மணிக்கு முக்காலி முடிந்தது, மூன்று இருபதுக்கு மேசை. ஓரத்தில் தன் பேரை எழுதினாள், இந்தத் தடவை சின்னதாக இல்லை.

ஜன்னலோரம் வைத்துப் படம் பிடித்து, கேபிளில் கம்ப்யூட்டருக்கு மாற்றி, படிவத்தில் ஏற்றினாள். மூன்று முப்பத்தெட்டுக்கு ரசீது வந்தது, எண்ணோடும் அன்றைய தேதியோடும்.

நூலகத்துப் பெண்ணுக்கு மறுபடி போன் போட்டாள். கோளாறு எங்கள் பக்கம்தான், நீங்கள் சொன்னது சரி என்றாள். அந்தப் பெண்ணுக்கே ஆச்சரியம், அப்படிச் சொல்ல யாரும் திரும்பக் கூப்பிட்டதில்லையாம். முன்பே அனுப்பியவர்களுக்குத் தனியாகத் தகவல் போயிருக்கிறதா என்று ரசமட்டம் கேட்டாள். இல்லை, அறிவிப்புதான், அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள் அவள்.

விண்ணப்பம் கேட்ட முதல் நாளே அனுப்பிவிட்டதாக முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வரைந்த பழைய படம், முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.

ரசமட்டம் அவர் எண்ணை அழுத்தினாள். பின்னால் ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது.

"நூலகத்து அளவு மாறியிருக்கு முதலாளி. முக்காலி முப்பது, மேசை அம்பத்து மூணு. தளத்துல போன வாரமே போட்டிருக்கு. நாலு மணிக்குள்ள திரும்ப அனுப்பணும்."

"யார் சொன்னா உனக்கு?"

"நானே திறந்து பார்த்தேன், என் கம்ப்யூட்டர்ல. இன்னும் பதினாறு நிமிஷம் இருக்கு. வரைய ஆள் இருக்கா?"

ரம்பம் நின்றது. அவள் வைத்துவிட்டாள்.

மாமியாருக்குத் தாங்கவில்லை. "அவனுக்கு எதுக்குடி சொன்ன? தெரியாமலே தொலைஞ்சிருப்பானே."

"அதுக்குத்தான் சொன்னேன். அளவு மாறினது தெரியாமப் போச்சு, இல்லேன்னா எனக்குத்தான் கிடைச்சிருக்கும்னு நாளைக்குச் சொல்லுவாரு. தெரிஞ்சே தோக்கட்டும்."

போன் அடித்தது. முதலாளிதான். அவள் அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, புருஷனை ஒரு சட்டத்தின் முனையைப் பிடிக்கச் சொன்னாள். முப்பதில் பென்சிலால் கோடு போட்டாள். போன் மேசை மேல் நகர்ந்து நகர்ந்து அடித்துக்கொண்டே இருந்தது. அவள் ரம்பத்தை எடுத்து மாதிரி முக்காலிக்கு முதல் காலை அறுக்கத் தொடங்கினாள்.