கடைக்காரர் குரல்

என் வீட்டுக்காரர் பல வருஷமாக டிவி தொடர் ஒன்றில் மூலைக்கடைக்காரர். கதாநாயகி பால் வாங்க வருவாள். இவர் கல்லாவில் நின்று இந்த நாட்டு மொழியை நம் பேச்சு வாடையோடு கடித்துத் துப்புவார். நாடே விழுந்து விழுந்து சிரிக்கும். பிழைக்க வந்து எத்தனை காலம் ஆகியும் அந்த வாடை போகவில்லை. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அதனால்தான்.

சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? இருக்கவில்லை. அதே தொடரில் டாக்டர் பாத்திரம் ஒன்று வருகிறது என்று கேள்விப்பட்டு இயக்குநரிடம் போய் நின்றார்.

"இந்தப் பேச்சை வெச்சுக்கிட்டு டாக்டரா? நோயாளி எழுந்து ஓடிடுவான்" என்று சிரித்துவிட்டான் அந்த இயக்குநர்.

மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மாளிடம் சேர்ந்தார். காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரே 'ஆ', 'ஓ'. நான் வெளியே அவசரத்தில் நிற்பேன். "டாக்டர் வெளியே வந்தா நோயாளி உள்ளே போகலாம்" என்பேன்.

எங்கள் மகன் இங்கேயே பிறந்தவன். இந்த மொழி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சாப்பாட்டு மேஜையில் அப்பா மாதிரியே பேசிக் காட்டுவது சின்ன வயசிலிருந்து அவனுக்கு விளையாட்டு. அவரும் கூடச் சிரிப்பார்.

ஒருவழியாக வாடை சுத்தமாகப் போயிற்று. அதற்குள் டாக்டராக வேறொருவன் நடித்துக்கொண்டிருந்தான். இவர் கல்லாவில் நின்று புதுப் பேச்சில் தன் வசனத்தைச் சொன்னார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"என்ன சார் ஆச்சு? செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு. திங்கட்கிழமைக்குள்ள பழைய ஆளா வாங்க. இல்லேன்னா கடையையே மூடிடுவோம்" என்றான் இயக்குநர்.

அன்று சாயங்காலம் அவர் போய் மகனின் அறைக் கதவைத் தட்டினார்.

"டேய், நான் முன்னாடி எப்படிப் பேசுவேன்? கொஞ்சம் சொல்லிக் குடேன்."

மகன் பேசிக் காட்டினான். இவர் திருப்பிச் சொன்னார்.

"அவ்வளவு தெளிவா வேண்டாம்ப்பா."

மறுபடி சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் அசடு மாதிரி சொல்லுங்க. நீங்க அப்படித்தானே பேசுவீங்க?"

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி சொன்னார். சனி, ஞாயிறு முழுக்க இதே கூத்து. பழைய வாடை வந்தால்தானே! போன சனியன் போனதுதான்.

திங்கட்கிழமை மூன்று பேரும் படப்பிடிப்புக்குப் போனோம். மகன்தான் காரை ஓட்டினான். விளக்கு வெளிச்சத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொல்ல, இயக்குநரின் முகம் தொங்கிக்கொண்டே போயிற்று. மகனுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, இப்படி" என்று கேமராவுக்குப் பின்னால் நின்று சொல்லிக் காட்டினான். லைட்மேனிலிருந்து மேக்கப்காரி வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இதுதான்! இந்தக் குரல்தான்!" என்று இயக்குநர் துள்ளி எழுந்தான். "தம்பி, நீ மைக்குக்கு வா. சார், ஜனங்களுக்கு உங்க முகம் பழகிப்போச்சு. அதனால நீங்க வாயை மட்டும் அசைங்க, போதும்."

என் பிள்ளை அப்பாவைத் திரும்பிப் பார்ப்பான், மாட்டேன் என்பான் என்று நினைத்தேன். அவன் மைக்கின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

குரலைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் ஓடவிட்டார்கள். இவர் கல்லாவில் நின்று வாயசைத்தார்.

"அப்பா, லேட். நான் முடிச்ச அப்புறமும் உங்க வாய் ஆடுது" என்றான் மகன். "இன்னொரு தடவை எடுக்கலாம் சார்."

"பையன் சொல்றபடி பண்ணுங்க" என்றான் இயக்குநர்.

பண்ணினார். இந்தத் தடவை சரியாக அசைந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், என் மகனைப் பார்த்து.

திரும்பும்போது அவர் பின்சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க?" என்றான் மகன்.

"நீ ரோட்டைப் பார்த்து ஓட்டுடா" என்றேன் நான்.