கறைபட்ட கொசுவம்

“தேய்க்காதேன்னா கேக்கறியா! தேய்ச்சா இன்னும்தான் பரவும்!”

எஃபி ரென்விக் காதில் வாங்கவில்லை. கோட்டைக் காவலறை மேஜைமேல் தன் கில்ட்டை, அந்தக் கொசுவம் வைத்த ஸ்காட்லாந்துக் கம்பளிப் பாவாடையைக் குப்புறப் போட்டு, ஈரத்துணியால் அரக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையில் கறுப்பு இறகுத் தொப்பி, மார்பில் பதக்கங்கள், கணுக்காலில் பளிச்சென்று வெள்ளை உறை. நடுவில் மட்டும் ஒரு பழைய ஓட்டப்பந்தய நிக்கர். அந்தக் கோலத்தில் அவளைச் சார்ஜென்ட் என்றால் கோட்டை வாசல் நாய்கூட நம்பாது.

பச்சையும் நீலமும் கட்டமிட்ட கம்பளியில், பின்புறக் கொசுவத்தின் நட்டநடுவே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வெள்ளை வட்டம்.

நடந்தது இதுதான். அணிவகுப்புக்குப் போகிற பஸ்ஸில் கில்ட் கட்டியவர் எவரும் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் கொசுவம் நசுங்கிவிடும். முகாமிலிருந்து கோட்டை வரைக்கும் மொத்த பேக்பைப் வாத்தியக் குழுவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியேதான் வந்தது. கடைசி வளைவில் ஒரு செம்மறியாடு குறுக்கே பாய்ந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். எஃபி பின்னால் சாய்ந்து தொப்பென்று ஓர் இருக்கையில் விழுந்தாள். அந்த இருக்கையில்தான் கார்ப்பரல் லாக்லன் இன்னெஸ், கணுக்கால் உறைக்குப் பூசும் வெள்ளைக் களிம்பை டப்பா திறந்தபடி வைத்திருந்தான்.

அதே இன்னெஸ்தான் இப்போது கதவோரம் நின்று அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தான்.

“டப்பாவை மூடி வைக்க உனக்கென்னடா கேடு?” என்றாள் எஃபி.

“ஓடற பஸ்ல நீ வந்து அதுமேல உக்காருவேன்னு நான் என்ன ஜோசியமா பாத்தேன்?”

“உனக்கென்ன, நல்லதாப் போச்சு. நான் வரலேன்னா முன்னால நிக்கப்போறது நீதானே?”

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. குழுவை நடத்தும் பைப் மேஜர் பதவி காலியாக இருந்தது. இன்று குழுவுக்கு முன்னால் நின்று ஊதி நடத்தினால் அது எஃபிக்கு. அவள் நிற்க முடியாமல் போனால் அடுத்த இடத்திலிருக்கும் இன்னெஸுக்கு. பார்வையிட வருபவரோ பிரிகேடியர் உர்கர்ட் அம்மையார். இதே படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து மேலே ஏறியவர். பொத்தானில் ஒரு நூல் தொங்கினாலும் மைதானத்தின் மறுகோடியிலிருந்தே பிடித்துவிடுவார்.

மாற்று கில்ட்டுக்கும் வழியில்லை. ஒருவர் இடுப்புக்கும் உயரத்துக்கும் தைத்தது இன்னொருவருக்குப் பொருந்தாது. குழுவில் இருந்த இன்னொரு பெண், முரசடிக்கும் ஷோனா. அவள் எஃபியின் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

வெளியே சார்ஜென்ட் மேஜர் ஸ்ட்ராகனின் குரல் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது.

“ரென்விக்! உடைச் சோதனைக்கு வா! கறையோட வந்தேன்னா பேக்பைப்பைக் கீழ வச்சிட்டு பஸ்ல போய் உக்காரு. இன்னிக்கு நீ தாராளமா உக்காரலாம்!”

முற்றத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

எஃபி துணியை வாளியில் எறிந்தாள். “கறையோடவே போறேன். ஊதப்போறது நான், கொசுவம் இல்ல.”

“நீ போவே, எனக்குத் தெரியும். வாசல் தாண்டறதுக்குள்ள அவர் உன்னைத் திருப்பி அனுப்பிடுவார்,” என்ற இன்னெஸ், சட்டென்று கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

அவன் எங்கே ஓடுகிறான் என்று எஃபிக்குப் புரிந்துவிட்டது. முன்னால் நிற்கத் தயாராகத்தான். ஓடட்டும். அவள் ஈரக் கில்ட்டை எடுத்து உதறினாள். வட்டம் இப்போது பெரிய தட்டாகியிருந்தது. இடுப்பில் வைத்துச் சுற்றப் போன நேரத்தில் கதவு மறுபடி திறந்தது. இடுக்கு வழியே ஒரு கை மட்டும் உள்ளே நீண்டது. கையில் மடிப்புக் கலையாத ஒரு கில்ட். அதே பச்சை, அதே நீலம்.

“கட்டு,” என்றது இன்னெஸின் குரல். மூச்சு இரைத்தது.

“உன்னோடதா?”

கதவை இன்னும் கொஞ்சம் திறந்து காட்டினான். அவனுடையது அவன் இடுப்பில்தான் இருந்தது.

“அப்ப யாரோடது? திருடினியா?”

“திருடறதுக்கு அதைவிட லேசான இடம் இந்த ஊர்ல எவ்வளவோ இருக்கு, மகராசி. கேக்காதே. சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். கட்டு!”

கட்டினாள். தனக்கே அளவெடுத்துத் தைத்ததுபோல் இடுப்பில் உட்கார்ந்தது. கம்பளி மட்டும் அவளுடையதைவிட மெத்தென்று இருந்தது.

முற்றத்தில் ஸ்ட்ராகன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “கறை எங்கே?”

“போயிடுச்சு, சார்.”

“போயிடுச்சா? மண்டி போடு.”

கல்தரையில் மண்டியிட்டாள். அதுதான் சோதனை. விளிம்பு தரையில் பட்டால் நீளம். மேலே தூக்கி நின்றால் குட்டை. இரண்டில் எதுவானாலும் வெளியே. ஸ்ட்ராகன் குனிந்தார். விளிம்பு தரையைத் தொடாமல், தொட்டதுபோல் நின்றது. பின்னால் போய்க் கொசுவத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு மடிப்பை விரலால் தடவினார். அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

“இந்தத் துணி...” என்று தொடங்கி, மீதியை விழுங்கினார். “எந்திரி. போய் ஊது.”

எஃபி போனாள். குழுவுக்கு முன்னால் நின்று, பேக்பைப்பின் காற்றுப்பையை அக்குளில் இடுக்கி ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். குழல்கள் ஒன்றாக விழித்தன. பின்னால் முரசு இடித்தது. வாசலைத் தாண்டி மைதானத்தில் அவள் கால் வைத்தபோது காற்று எதிரே அடித்தது. அவள் நடை தளரவில்லை. அடிக்கு அடி கொசுவம் இடமும் வலமும் ஒரே வீச்சாக ஆடியது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. முன்வரிசையில் ஊதிக்கொண்டு வந்த இன்னெஸின் குழலில் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. இந்த இடம் தன்னுடையது என்று எஃபிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாத்தியம் நின்றது. பிரிகேடியர் மேடையிலிருந்து இறங்கினார்.

கூட்டத்தில் சலசலப்பு. பார்வையிட வரும்போது அவர் கில்ட் இல்லாமல் வந்ததே கிடையாது. இன்று மட்டும், அதிகாரிகள் விருந்துக்குப் போடும் கட்டமிட்ட கால்சட்டையில் வந்தார். ஸ்ட்ராகன் வானத்தில் எதையோ தேடினார்.

பிரிகேடியர் எஃபியின் முன்னால் நின்றார். இருவரும் ஒரே உயரம். தொப்பியிலிருந்து கணுக்கால் வரை ஒரு முறை பார்த்தார். கண்ணோரம் சுருங்கியது.

“மூச்சு நல்லா நிக்குது, பைப் மேஜர்.”

இன்னும் சார்ஜென்ட்தான் என்று திருத்த எஃபி வாயெடுத்தாள். அவர் விடவில்லை. அரை அடி நெருங்கி, உதடு அசையாமல் சொன்னார்:

“உன் கார்ப்பரல் என் அறைக் கதவைத் தட்டினதுல நான் தீப்பிடிச்சிடுச்சோன்னு பயந்துட்டேன். அப்புறம், இடதுபக்க பக்கிள் மெல்ல நழுவும். அடுத்த நடைக்கு முன்னாடி ஒரு தரம் இழுத்து விட்டுக்கோ. என்னையே ரெண்டு தடவை காலை வாரியிருக்கு.”